மீன் தொட்டி ஃபில்டருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "ஏனுங்ண்ணா, தண்ணி பளிங்காட்ட இருக்குது. வெள்ளிக்கெழமதான் ஃபில்டரக் கழட்டி, பைப்புல புடிச்சு, நல்லாத் தேச்சுக் கழுவி மாட்டுனேன். இருந்தும் மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க" என்றான்.

அவன் சொன்னதிலேயே காரணமும் இருந்தது. ஆனால் அது அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் தொட்டி வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. கோவையோ திருப்பூரோ ஈரோடோ, எந்த ஊரில் கேட்டாலும் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும்: ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும், குமிழி காற்று கொடுக்கும், தண்ணீர் தெளிவாக இருந்தால் மீன் நன்றாக இருக்கும். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. விடுபட்டுப் போன மறுபாதியால்தான் நிறைய வீடுகளில் வாங்கின பத்தே நாளில் மீன்கள் செத்துப்போய், தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. என் முதல் தொட்டியும் அப்படித்தான் போனது. ஐந்து மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செடிக்கடியில் புதைத்தேன், அது ஏன் நடந்தது என்று புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டுத்தரையிலிருந்து ஆரம்பிப்போம்

மாடு கட்டியிருக்கும் இடத்தை இரண்டு நாள் கூட்டி அள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போனதும் மூக்கில் சுரீரென்று ஏறி, கண் எரியும். அந்த வாடைதான் அம்மோனியா, அதாவது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த, தண்ணீரில் சுலபமாகக் கரையும் ஒரு வாயு. அதே சாணியையும் கோமியத்தையும் குப்பைக்குழியில் போட்டு மாதக்கணக்கில் விட்டால் வாடை போய், பொலபொலவென்று தொழு உரமாகி, மஞ்சள் காட்டுக்கும் தென்னைக்கும் போகிறது. இடையில் அதை யார் மாற்றியது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். காட்டுக்கு யூரியா போட்டாலும் இதே கதைதான். மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கி, அப்புறம் அதையும் மாற்றிக் கொடுத்தால்தான் பயிருக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

இப்போது மீனுக்கு வருவோம். மீன் தன் உடம்பில் சேரும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. அதாவது மூச்சு விட விட, நாள் முழுக்க, அது தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கிறது. கண்ணில் படும் கழிவை அள்ளிவிட்டால் போதும் என்று நினைப்பது இதனால்தான் தவறு. மிச்சத் தீனி அழுகினால் அதிலிருந்தும் அம்மோனியா வரும். குளத்தில் இது பிரச்சினையே இல்லை, அங்கே தண்ணீர் ஏராளம், அடியில் சேறு, ஓரத்தில் கோரை, எல்லாம் சேர்ந்து அதைத் தின்று தீர்த்துவிடும். நம் வீட்டில் இருப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடிப் பெட்டி. அதில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 50 லிட்டர். கதவும் ஜன்னலும் இல்லாத அறைக்குள் மாட்டைக் கட்டி வைத்த மாதிரி.

அம்மோனியா கரைந்த தண்ணீர் கலங்காது, நிறம் மாறாது. தொட்டியில் இருக்கும் அளவுக்கு வாடைகூட வராது. அன்றைக்கு அந்தப் பையனின் தொட்டித் தண்ணீரை என் டெஸ்ட் கிட்டின் சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் பிடித்து, இரண்டு பாட்டிலிலிருந்தும் சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி வைத்தோம். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆவதற்குள் வேப்பிலைக் கொழுந்து நிறம் வந்து, அப்புறம் முற்றிய இலை மாதிரி பச்சையாகிவிட்டது. பின்னால் தொட்டித் தண்ணீர் பளிங்காட்டமேதான் இருந்தது.

சுருக்கமாக இதுவரை: மீன் மூச்சு விடும்போதே அம்மோனியா வெளியேறுகிறது, அது விஷம், கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு.

இரண்டு கூட்டம் வேலைக்காரர்கள்

குப்பைக்குழியில் நடக்கும் அந்த வேலையைத் தொட்டிக்குள் செய்ய இரண்டு வகை பாக்டீரியாக்கள் வேண்டும். முதல் கூட்டம், நைட்ரோசோமோனாஸ் போன்றவை, அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட் என்பது அம்மோனியாவிலிருந்து பாதி தூரம் வந்த பொருள். அதுவும் விஷம்தான், ஆனால் வேறு மாதிரி: மீனின் ரத்தத்துக்குள் புகுந்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும், ரத்தம் காப்பி நிறத்துக்குப் போகும். இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை எடுத்து நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் என்பது கடைசிச் சரக்கு, செடிகளுக்கு உரம், மீனுக்கு அதிகம் சேர்ந்தால்தான் தொல்லை. அதை வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றியும், உயிருள்ள செடி வைத்தும் குறைத்துக்கொள்ளலாம்.

மண்ணில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் ரொம்ப காலம் எழுதிவந்தார்கள், 1990களில் நடந்த ஆய்வுகளில் நன்னீர்த் தொட்டிகளில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் நைட்ரோஸ்பிரா என்று தெரிந்தது. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். அவற்றின் குணத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் குணம், ரொம்ப மெதுவாகப் பெருகும். இட்லி மாவைக் கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும், அதில் இருப்பவை அவ்வளவு வேகமானவை. இவை ஒரு முறை இரட்டிப்பாவதற்கே அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இரண்டாவது, இவை தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். தண்ணீர்த் தொட்டிச் சுவரைத் தடவினால் வழுவழுவென்று இருக்குமே, அந்த மாதிரிப் படலமாக. மூன்றாவது, இவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதுவும் நிறைய.

ஒட்டிக்கொள்ள நிறையப் பரப்பு, இடைவிடாமல் ஓடி வரும் ஆக்சிஜன் கலந்த தண்ணீர், இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்கிற பெட்டிக்குத்தான் ஃபில்டர் என்று பெயர். டீ வடிகட்டி மாதிரி தூசு பிடிப்பது அதன் உபரி வேலை.

ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கம்ப்ரசர் போரும்

இருப்பதிலேயே விலை குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு பஞ்சு உருளை, நடுவில் ஒரு குழாய், அதற்குள் ஏர் பம்ப்பிலிருந்து வரும் மெல்லிய டியூப், அவ்வளவுதான். மோட்டார் தண்ணீருக்குள் இல்லை. அப்புறம் தண்ணீர் எப்படி ஓடுகிறது? நம்ம காடுகளில் கம்ப்ரசர் போட்ட போர்வெல் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கும் கம்ப்ரசர் காற்றைக் கீழே அடிக்கும், குழாய்க்குள் காற்றும் தண்ணீரும் கலந்து எடை குறைந்து, குபுக் குபுக்கென்று மேலே வந்து கொட்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் நடப்பது அச்சு அசலாக அதே வேலை, அளவுதான் சிறியது. குமிழி மேலே ஏறும்போது குழாயில் இருக்கும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் பஞ்சு வழியாக உள்ளே வரும். பஞ்சின் ஆயிரக்கணக்கான ஓட்டைகளின் சுவரெல்லாம் பாக்டீரியா உட்கார்ந்திருக்கும், வருகிற அம்மோனியாவை அங்கேயே வாங்கிக்கொள்ளும்.

கடையில் இருக்கும் மற்ற வகைகள், அதாவது தொட்டிக்குள் முங்க வைக்கும் பவர் ஃபில்டர், மேலே வைக்கும் டாப் ஃபில்டர், விளிம்பில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டர், கீழே கேபினெட்டில் வைக்கும் கேனிஸ்டர், எல்லாம் இதே காரியத்தை வேறு வேறு வழியில் செய்கின்றன. மணிக்குத் தொட்டித் தண்ணீரின் 4 அல்லது 5 மடங்கு ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 50 லிட்டர் தொட்டிக்கு 200 முதல் 250 லிட்டர். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது உள்ளே ஒன்றும் இல்லாமல் பம்ப்பை ஓட்டி எடுத்த எண், பஞ்சு அடைத்ததும் குறையும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் மட்டும் வேகமான ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும், அதன் நீளத் துடுப்போடு அது எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்.

ஃபில்டருக்குள் நிரப்பும் பொருளுக்கு மீடியா என்று பெயர். வெள்ளைப் பஞ்சு தூசு பிடிக்க, அதை அடிக்கடி மாற்றலாம். செராமிக் வளையம், பிளாஸ்டிக் உருண்டை, ஸ்பாஞ்ச் ஆகியவை பாக்டீரியாவின் வீடு, அவற்றைத் தூக்கி எறியவே கூடாது. கருப்பாக இருக்கும் கார்பன் தண்ணீரில் இருக்கும் நிறத்தையும், போட்ட மருந்தின் மிச்சத்தையும் உறிஞ்சும், சில வாரங்களில் அதன் வேலை முடிந்துவிடும். தினப்படிக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து, அந்த இடத்தில் இன்னும் நாலு செராமிக் வளையம் போட்டால் பிரயோஜனம்.

இப்போது பையன் செய்ததற்கு வருவோம். அவன் கழுவியது குழாய்த் தண்ணீரில். அதில் கிருமியைக் கொல்லவே குளோரின் போட்டு அனுப்புகிறார்கள், நல்ல கிருமி கெட்ட கிருமி என்று அது பார்க்காது. தேய்த்துத் தேய்த்துப் படலத்தையும் உரித்துவிட்டான். மாதக்கணக்கில் குடியேறிய கூட்டம் கால் மணி நேரத்தில் காலி, மீன்கள் மட்டும் பழையபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. சரியான முறை இதுதான்: வாராவாரம் தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரை வாளியில் வைத்துக்கொண்டு, அதற்குள் ஸ்பாஞ்சை முக்கி நாலைந்து முறை பிழிய வேண்டும். ராகிக் கூழ் நிறத்தில் அழுக்கு வரும். ஓட்டம் சீராகும் அளவுக்குப் பிழிந்தால் போதும், புதுப் பஞ்சு மாதிரி ஆக வேண்டியதில்லை. இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரு வாரம் ஒன்று, அடுத்த முறை மற்றொன்று.

சுருக்கமாக: ஃபில்டர் பாக்டீரியா குடியிருக்கும் வீடு. தொட்டித் தண்ணீரில் மட்டும் பிழியுங்கள், எல்லா மீடியாவையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

குமிழி, கரண்ட், சூடு

காற்று குமிழியிலிருந்து தண்ணீருக்குப் போகிறது என்று நினைக்கிறோம். கொஞ்சம் போகும். பெரும்பகுதி ஆக்சிஜன் தண்ணீரின் மேல்பரப்பில்தான் கலக்கிறது. காப்பியை டம்ளருக்கும் டவராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றும்போது சீக்கிரம் சூடு தணிகிறதல்லவா, காற்று படும் பரப்பு கூடுவதால். குமிழி செய்வதும் அதுதான், அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்து மேல்பரப்பை அசைத்துக்கொண்டே இருக்கிறது. ஃபில்டரின் வாய் மேல்பரப்பை நன்றாகக் கலக்கினால் தனியாகக் குமிழி இல்லாமலும் சமாளிக்கலாம்.

வெயில் காலத்தில் கவனம் வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும், இருப்போ குறையும். சித்திரையில் பகலில் தொட்டி மூடியைத் திறந்து வைத்து, மேல்பரப்பு நன்றாக அலையடிக்கும்படி வையுங்கள்.

மாதம் ஒரு நாள் துணைமின் நிலையப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் போகுமே, அன்றைக்குத்தான் நிறையத் தொட்டிகள் கெடுகின்றன. மீனுக்கு மட்டுமல்ல, ஃபில்டருக்குள் இருப்பவற்றுக்கும் மூச்சு முட்டும். அதிலும் மூடின கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். நீண்ட நேரம் நின்றுபோன கேனிஸ்டரை ஓட விடும் முன் அதில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அன்றைக்குத் தீனி போட வேண்டாம், ஒரு நாள் பட்டினியால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து பம்ப்புக்குள்ளும், அங்கிருந்து பிளக் பாயிண்டுக்கும் போகலாம். மேலே மாட்ட இடமில்லையென்றால் டியூப்பில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. ஒயரும் பிளக்குக்குக் கொஞ்சம் கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏறும்படி இருந்தால் வழியும் சொட்டு கீழேயே விழுந்துவிடும்.

ஹீட்டர் நம்ம பக்கம் பெரும்பாலான மீன்களுக்கு வருடத்தில் சில வாரங்கள்தான் தேவைப்படும், மார்கழி, தை இரவுகளில். லிட்டருக்கு ஒரு வாட் என்று வைத்து வாங்கலாம். கோல்டுஃபிஷ்ஷுக்குத் தேவையே இல்லை. விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும், அதற்கு மேல் எரிந்தால் பாசிதான் வளரும்.

சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா?

இதைப் பற்றி நம்ம ஊரில் யாரும் பேசுவதே இல்லை, எனக்கு ரொம்பக் கவலை தருவது இதுதான். பி.எச். என்று ஓர் அளவுகோல் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதை 0 முதல் 14 வரை சொல்வது. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று கொடியது, மற்றொன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. எது எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் கொடியது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் நூற்றில் ஐந்து. ஒரே அளவு அம்மோனியா, விஷமோ பத்து மடங்கு.

சோப்பு நுரைக்காத, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் 7க்கு மேல்தான் நிற்கும். ஆகவே அந்தத் தண்ணீரில் தொட்டி வைப்பவருக்குத் தவறு செய்ய இடம் ரொம்பக் குறைவு.

சரி, சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்களுக்குக் கவலையில்லையா? அங்கே வேறு சங்கதி. அது மென்மையான தண்ணீர், அதில் கரைந்திருக்கும் உப்பும் கார்பனேட்டும் மிகக் கொஞ்சம். பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது அமிலம் உண்டாகும், அதைத் தணிப்பது கார்பனேட்தான். அது தீர்ந்துபோனால் பி.எச். கிடுகிடுவென்று இறங்கும், 6 பக்கம் போனால் பாக்டீரியாவே வேலையை மெதுவாக்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றும் தொட்டிகளிலும் இதேதான். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைக் கழுவிப் போட்டுவிட்டால், அது தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுத்துக்கொண்டிருக்கும்.

குளோரின் போட்டு வரும் எந்தத் தண்ணீரையும் அது போக ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும், அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின். சிறுவாணித் தண்ணீர் வராத வாரம் போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம், மீனுக்கு அது பெரிய அதிர்ச்சி.

உறை ஊற்றுவது

புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் குடியேறி முடிவதைத்தான் சைக்கிள் ஆவது என்கிறார்கள். தானாக ஆக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீனில்லாமல் ஃபில்டரை ஓட விட்டுத் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கி நைட்ரேட் தெரிந்தால் வீடு தயார்.

தயிருக்கு நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோமே, இங்கேயும் அதைச் செய்யலாம். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வைத்தால் வாரக்கணக்கு நாட்கணக்காகக் குறையும். அப்புறமும் மீனை இரண்டு மூன்றாகத்தான் விட வேண்டும். பாக்டீரியாவின் எண்ணிக்கை கிடைக்கும் அம்மோனியாவுக்குத் தக்கபடிதான் இருக்கும், இருபது மீனை ஒரே நாளில் விட்டால் இருக்கும் கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியாது.

பணத்தை எதில் போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முடிந்த அளவு பெரிய தொட்டி, இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நல்ல ஏர் பம்ப், அம்மோனியா டெஸ்ட் கிட். மீன் இவற்றுக்கெல்லாம் பிறகு. பொம்மைக் கப்பலும் கலர்க் கல்லும் அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பையனின் தொட்டியில் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றினோம். என் தொட்டியிலிருந்து ஒன்றரை வருடம் ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கவரில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தேன். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றச் சொன்னேன், தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஏழு மீனில் இரண்டு போய்விட்டன. ஆறாம் நாள் சாயங்காலம் டெஸ்ட் கிட்டைக் கேட்டு வாங்கிப் போனவன், ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக் குழாயை ஒரு வெள்ளைக் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்தபடி திரும்பி வந்தான். எலுமிச்சம்பழ மஞ்சள், பச்சையே இல்லை. "இனி ஸ்பாஞ்ச எப்பங்ண்ணா புழியறது?" என்று கேட்டான். இன்னும் மூன்று வாரம் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.